நாலாவது சரணம்

படப்பை தாண்டிவிட்டது, போன் அடிக்கவில்லை. கம்பெனி பஸ் ஒரகடம் கேட்டை விட்டு வெளியே வரும்போது ஒரு தடவை, படப்பையில் ஒரு தடவை, மண்ணிவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு தடவை, முடிச்சூரில் ஒரு தடவை. பதினோரு வருடமாக நாள் தவறாமல் நாலு தடவை. எழில், எங்க வர்றே? படப்பைங்க. சரி. அவ்வளவுதான் பேச்சு, என் வீட்டுக்காரர் வைத்துவிடுவார். இதில் என்ன கஷ்டம் உனக்கு என்று அம்மா கேட்டாள். ஒரு கஷ்டமும் இல்லை, நாலு வார்த்தைதான். கேட்டில் அடித்தது, பேசினேன், டிரைவர் முனிரத்தினம்கூட வழக்கம்போல, "அக்காவுக்கு சிக்னல் வந்துடுச்சு, வண்டி எடுக்கலாம்" என்றார். படப்பையில் அடிக்கவில்லை. மடியில் போனை மல்லாத்தி வைத்திருக்கிறேன், சார்ஜ் அறுபத்திரண்டு, சிக்னல் முழுசாக இருக்கிறது, சத்தம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். பின்சீட்டில் அக்கவுண்ட்ஸ் துளசிராமன் திடுக்கிட்டு எழுந்து, "ஐயோ, படப்பை போயிடுச்சா?" என்று டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், உங்க போன் அடிக்கலியே. அதை நம்பித்தானே தூங்குறேன்." பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சேரப்பனஞ்சேரிக்காரர்கள் எப்படியோ இறங்கிவிட்டார்கள், படப்பைக்காரர்கள் மட்டும் என் புருஷனை நம்பித் தூங்குகிறார்கள். கரசங்கால் கிட்ட அவரை இறக்கிவிட்டார்கள். பாவம், எதிர்ப்பக்கம் நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். என்னால்தான். இல்லை, என்னால் இல்லை. அவரால். போன் அடிக்காததால். ஏன் அடிக்கவில்லை?

ஏன் என்று ஒரு தடவை கேட்டால் போதாது என்பார் எங்கள் ஜப்பான் மேலாளர் மொரியாமா சான். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரேக் டிஸ்க்கில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அஞ்சு கட்டம் போட்ட தாள் வந்துவிடும். முதல் கட்டத்தில் ஏன், அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஏன், அதற்குப் பதில், இப்படி அஞ்சு. அந்தப் பக்கம் ஜப்பான்காரர்கள், இந்தப் பக்கம் நம்ம ஆட்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர் எழிலரசி. அஞ்சாவது கட்டத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது. கவனக்குறைவு என்று எழுதக் கூடாது. எழுதினால் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிவிடுவார். ஆளைத் திட்டினால் அடுத்த டிஸ்க்கும் விரிசல் விடும், வேலை நடந்த விதத்தைத் தேடு என்பார். இதையெல்லாம் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்து, இவர்கள் மண்டைக்குள் என்னதான் இருக்கிறது என்றும் ஜப்பானியத்தில் சொல்வார். நான் நம்ம ஆட்களிடம், "இன்னொரு தடவை பொறுமையாப் பாக்கச் சொல்றார்" என்பேன். அவர்கள், அவனைப் போய் வேற வேலை இருந்தா பாக்கச் சொல்லு என்பார்கள். நான் மொரியாமா சானிடம், கண்டிப்பாகப் பார்க்கிறோம் என்கிறார்கள் என்பேன். நடுவில் இருக்கிறவள் எதை முழுங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. பதினோரு வருடத்தில் எவ்வளவு முழுங்கியிருப்பேன், கணக்கே இல்லை. அந்த மொரியாமா சான்தான் போன வாரம் ஒரு உறையைக் கொடுத்தார். தலைமை அலுவலகத்தில் ஒரு வருடம், ஜப்பானில், ஹமாமட்சுவில், தனி அறை, ஏப்ரலில் கிளம்ப வேண்டும். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், முடியாது என்றாலும் அதையும் எழுதித் தர வேண்டும். உறை கைப்பையில் இருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கூடவே பாஸ்போர்ட்டும் இருக்கிறது, நம்பர் எழுத வேண்டுமே என்று காலையில் பீரோவிலிருந்து எடுத்தேன். எடுத்த இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் பழைய ரேஷன் கார்டை வைத்தேனா? வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். பீரோவைத் திறப்பாரா? எதற்குத் திறக்கப் போகிறார்? திறப்பார். என் புடவையை மோந்து பார்க்கத் திறப்பார். ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"அக்கா, இந்தப் பாட்டுக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க" என்று பக்கத்து சீட் ரோஸ்லின் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாள். குவாலிட்டியில் இருக்கிறாள், கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஜப்பான் பாட்டுப் பைத்தியம். மெட்டு மிட்டாய் மாதிரி இருந்தது, சின்னப் பெண் குரல், பின்னால் மணியெல்லாம் அடிக்கிறது. என்ன பாடுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேன். நீ யாரோடு சிரித்தாய் என்று எனக்குத் தெரியும், உன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறேன், உன் நகத்தை வெட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் நீ மிச்சம் இருக்கக் கூடாது என்கிறாள். "உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு பாடுறா" என்றேன். முழுங்கினேன். "அவ்ளோதானா? சப்டைட்டில்ல வேற என்னமோ போட்டிருந்தான்க்கா, நகம்னு." "நகமும் வருது." "செம லவ்வுக்கா. நம்ம ஊர்ல எவன் இப்படி இருக்கான்? சார் ஒருத்தர்தான். நாலு வாட்டி போன். எனக்கும் அந்த மாதிரி ஒருத்தர் வரணும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன்." வேண்டாம்டி என்று சொல்ல வாய் வந்தது. எப்படிச் சொல்வது? அடிக்கிறாரா என்றால் இல்லை, ஒரு நாள் கை நீட்டியதில்லை. குடிக்கிறாரா, இல்லை. சம்பளத்தைப் பிடுங்குகிறாரா, இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒன்பது நாள் கடையைத் திறக்காமல் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார், தண்ணீர் குடிக்க நான் எழுந்தால் கூடவே எழுந்திருப்பார், பாத்ரூம் வாசலில் நிற்பார், "இருக்கியா?" என்று கேட்பார். உள்ளேதானே இருக்கிறேன், எங்கே போவேன்? தலைமுடி வெட்டப் போனால் பார்லர் படியில் உட்கார்ந்திருப்பார். அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் போனால் இரண்டு நாளும் சாப்பிட மாட்டார், சும்மா சொல்வது இல்லை, நிஜமாகவே சாப்பிட மாட்டார், திரும்பி வந்தால் அடுப்பு துடைத்தபடி இருக்கும், அவர் கன்னம் ஒட்டியிருக்கும், என்னைப் பார்த்ததும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து யார்தான் சண்டை போட முடியும்? புனேவில் மூன்று நாள் பயிற்சி என்று கம்பெனி அனுப்பியது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஜன்னல் திரையை விலக்கினால் எதிர் லாட்ஜ் பால்கனியில் என் வீட்டுக்காரர் பாலகுரு. கையை ஆட்டினார். கூட இருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளை இல்லை எங்களுக்கு, அதனால் மொத்தமும் என் தலையில்தான் கொட்டுகிறது என்று அம்மா சொல்வாள், குறையாகச் சொல்ல மாட்டாள், கொடுத்து வைத்தவள் என்பாள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. கோபம்கூட இல்லை, இருந்தால் தேவலை. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அலுப்பாக இருக்கிறது.

ஒன்று: ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? போன் வரவில்லை. ஏன் வரவில்லை? கடையில் கரண்ட் அடித்திருக்கும். மோட்டார் காயில் கட்டுகிற கடை, இரும்பும் ஒயருமாக எப்போதும் எதையாவது திறந்து வைத்திருப்பார், மெயினை அணைக்காமல் கை வைக்காதீங்க என்று எத்தனை தடவை சொன்னாலும் இருபது வருட சர்வீஸ் என்பார். கீழே கிடப்பார். பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்திருப்பார், என் நம்பர் அவரிடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். இல்லை, போக வேண்டியதே இருந்திருக்காது. அப்படி நினைத்த இடத்தில் உள்ளே என்னமோ ஒன்று சட்டென்று இறங்கியது, ஊருக்குப் போய்த் திரும்பி வந்து சுமையை வாசலில் இறக்கி வைத்த மாதிரி. தோள் இரண்டும் தாழ்ந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. எத்தனை நாளாச்சு இப்படி மூச்சு விட்டு என்று நினைத்தேன். அப்புறம்தான் நான் எதை நினைத்து அப்படி மூச்சு விட்டேன் என்று உறைத்தது. அட பாவி. தாலி கட்டினவன். என் காய்ச்சலுக்கு ஒன்பது நாள் உட்கார்ந்தவன். அவர் நம்பரை அமுக்கினேன். நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் இப்போது சுவிட்ச் ஆஃப் செய்துள்ளார். அவர் போன் அணைந்து நான் பார்த்ததே இல்லை. தூங்கும்போதுகூட இரண்டு போனும் ஒரே சார்ஜரில், பக்கத்தில் பக்கத்தில், என் போனின் பாஸ்வேர்டும் அவர் பிறந்த நாள்தான். மறுபடி அமுக்கினேன். அதே பொம்பளை அதே குரலில் சொன்னாள். கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ரேஷன் கார்டை வைத்தேனா?

மண்ணிவாக்கம் கூட்டுரோடு. இங்கே அடிக்க வேண்டும். ஆறு பேர் இறங்கினார்கள், அவர்களும் என் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். "சார் இன்னிக்கு லீவா மேடம்?" நான் ரோட்டைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்திருந்தால் என்ன செய்வார்? கத்த மாட்டார். கேட்கக்கூட மாட்டார். தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்துக்கொண்டு, "நீ சாப்பிடு" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வருடம் சாப்பிடாமல் இருக்க முடியாதே. இருந்து பார்ப்பார். இல்லாவிட்டால் கடையை விற்றுவிட்டு ஹமாமட்சுவுக்கு வந்து எதிர் வீட்டு பால்கனியில் நின்று கை ஆட்டுவார். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. இரண்டு: ஏன் போன் வராவிட்டால் எனக்குப் பயம்? வந்தே பழகிவிட்டது. மூன்று: ஏன் நாலு இடத்தில் கூப்பிடுகிறார்? நான் எங்காவது இறங்கிப் போய்விடுவேனோ என்று. அது சந்தேகம் இல்லை, எந்த ஆம்பளைப் பெயரையும் அவர் எடுத்ததே இல்லை. ஒரு நாள் கேட்டேன், ஏங்க இப்படி, நான் என்ன சின்னக் குழந்தையா? ஆச்சரியமாகப் பார்த்தார். "லவ்வுன்னா அப்படித்தானே எழில்? நீதானே எழுதிக் குடுத்தே" என்றார். நாலு: ஏன் அவருக்கு லவ் என்றால் அது? இந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் இங்கேதான் நிற்கிறது. பாலகுரு என்று ஆள் பெயரைப் போடத்தான் கை போகிறது. சிவப்பு வட்டம். வேலை நடந்த விதத்தைத் தேடு.

நுங்கம்பாக்கத்தில் மாடி அறை, சாயங்கால ஜப்பானிய வகுப்பு, எனக்கு அப்போது இருபத்தொன்று. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணி மேல் நின்றுகொண்டு ஒருவர் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார், கீழே டேப்ரெக்கார்டரில் டீச்சர் ஒரு பாட்டுப் போட்டார். அந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பாட்டாம், ஒரு பெண் தன்னவனை நினைத்துப் பாடுகிறாள். பாட்டு முடிந்தும் அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. வகுப்பு முடிந்து படியில் வரும்போது கேட்டார், "என்ன பாட்டுங்க அது? அழுவுறாப்புல இருக்கு, ஆனா அழுவல." அப்படி ஒரு கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நீல மையில் எழுதினேன். முதல் சரணம், நீ கடக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனையும் எனக்குச் சொல், விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, நீ இல்லாத வீட்டில் அரிசிக்கு ருசி இல்லை, அடுப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது, நீ ஏறிப் போகும் வண்டிக்குப் பின்னால் வரும் வண்டியில் நான் இருப்பேன், திரும்பிப் பார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இப்படி யாராவது நம் மேல் உயிரை வைத்தால் எப்படி இருக்கும் என்று அதையும் அவரிடம் சொன்னேன். டீச்சர் கொடுத்த தாளில் நாலாவது சரணம் ஒன்று இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை அழகையும் வந்து கெடுக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது, ஜப்பானியம் படித்த எலக்ட்ரீஷியன் மெட்ராஸில் யார் இருக்கிறார்கள்? தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். அந்தத் தாளை லேமினேட் பண்ணிக் கடையில் ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு மேல் மாட்டியிருக்கிறார். காயில் கட்டக் கொடுக்க வருகிறவர்கள் ஏதோ சுலோகம் என்று நினைக்கிறார்கள். அவர் அதைச் சொன்னபடி செய்துகொண்டிருக்கிறார், இருபத்திரண்டு வருடமாக, ஒரு வரி பிசகாமல், விதிப்படி வேலை பார்க்கிற தொழிலாளி மாதிரி. அஞ்சு. அஞ்சாவது கட்டத்தில் பாலகுரு பெயர் வராது. கடைசிச் சரணம் இல்லாமல் கொடுத்த தாள் என்று வரும். கொடுத்தவள் பெயரையும் எழுதக் கூடாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

"அக்கா! அக்கா, பின்னாடி பாருங்க." ரோஸ்லின் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பஸ்ஸின் பின் கண்ணாடியில் தூசி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர், ஹெட்லைட் எரிந்தபடி, ஹெல்மெட்டுக்குள் அவர். ஒரு ஆட்டோவை முந்தி என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார், தலையைத் தூக்கி என்னைத் தேடினார், கண்டுபிடித்தார், சிரித்தார். உயிரோடு இருக்கிறார். அப்பாடா என்று இருந்தது, நிஜமாகவே, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் காய்வதற்குள் அடிவயிற்றில் விட்டிருந்த மூச்சு மறுபடி மேலே ஏறி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே நிமிஷத்தில் பார்த்தேன். முனிரத்தினம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன சார், நேர்லயே வந்துட்டீங்க?" என்று கத்தினார். "போன் வார்னிஷ் தொட்டியில விழுந்துடுச்சுப்பா. படப்பைலேர்ந்து பின்னாடியேதான் வர்றேன்" என்றார் அவர். காயிலை முக்கி எடுக்கிற வார்னிஷ். முக்கியதும் இறுகிப்போகும், அசையாது. படப்பையிலிருந்து. நான் அவர் செத்துப்போனதாக நினைத்து நிம்மதியாக மூச்சுவிட்டபோது பின்னால் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறார். மண்ணிவாக்கத்தில் ஹாரன் அடித்தாராம், எனக்குக் கேட்கவில்லை. முடிச்சூர் வந்தது. என் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி ஹாரனை ஒரு தடவை அமுக்கி, நாலு விரலைக் காட்டினார். பஸ்ஸில் கை தட்டினார்கள். ரோஸ்லினுக்குக் கண் பளபளத்தது. "மாதாவே" என்றாள்.

அவளிடம் இயர்போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அந்தப் பாட்டுல நகம் மட்டும் இல்ல ரோஸ்லின். அவன் வேற யாருக்கும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு பாடுறா. நான் முன்னாடி சரியாச் சொல்லல." அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். மேற்கு தாம்பரத்தில் இறங்கினேன். "பயந்துட்டியா?" என்றார். "பயந்துட்டேன்" என்றேன், எந்தப் பயம் என்று அவர் கேட்கவில்லை. விரலிடுக்கில் வார்னிஷ் காய்ந்து பழுப்பாக இருந்தது. "ஒண்ணரை மணி நேரம் உன் குரல் கேக்காம எப்படி இருந்துச்சு தெரியுமா?" தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், அவர் என் கையை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டார், எப்போதும் செய்வதுதான். இரண்டு தெரு போனதும், காந்தி ரோடு முனையில், வேகத்தடைக்குக் குறைத்தபோது சொன்னேன். "நம்ம கடையில மாட்டியிருக்கே, அந்தப் பாட்டு. அதுல நாலாவதா ஒரு சரணம் இருக்குங்க. நான் உங்களுக்கு எழுதவே இல்ல." "அப்படியா? என்ன வருது?" குரலில் ஆசை. இத்தனை வருடத்துக்கு அப்புறம் புதுசாக ஒரு சரணம் கிடைக்கிறது என்ற ஆசை. எதையும் முழுங்காமல் சொன்னேன். "வாசல்ல அவன் செருப்பு இல்ல. ஜன்னல் திறந்திருக்கு. அவன் எந்த ஸ்டேஷன் தாண்டினான்னு எனக்குத் தெரியல. நான் மட்டும் இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன்."

வண்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக அணைந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது, படப்பை வரைக்கும் போய் வந்த வேர்வை. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் விட்டேன். "அப்போ அவன் போயிட்டானா?" என்றார். "போயிட்டான்." "அவ அவ்ளோ உயிரா இருந்தும்?" "அதனாலதாங்க." கிக்கரில் கால் வைத்தார், உதைக்கவில்லை. அப்புறம், ஏணி மேலிருந்து இறங்கி வந்து கேட்ட அதே குரலில், "அவ்வளவுதானா?" என்றார்.

"இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தேன், வண்டியை விட்டு இறங்கினேன், பையைத் திறந்து உறையை வெளியே எடுத்தேன். "வண்டிய ஓரமா நிறுத்துங்க."